விளக்கேற்ற முடியாத மாதங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறாள். பெண் குழந்தை பிறந்து 70 நாள் ஆகிறது. கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறை வந்து போகிறார். திருமணத்துக்கு முன்பிருந்தே விடியற்காலையில் விளக்கேற்றிக் கவசம் சொல்லாமல் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வெள்ளி தவறாமல் தருமபுரி கோட்டைக் காமாட்சி. தைப்பூசத்தில் குமாரசாமிப்பேட்டை முருகன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுக்கும் கூட்டத்தில் வருடந்தோறும் இவளும் இருப்பாள். குழந்தை பிறந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. நாற்பது நாள் கழித்து ஒருநாள் விளக்கின் முன் உட்கார்ந்திருக்கிறாள். நாலு வரி சொல்வதற்குள் குழந்தை வீறிட்டது. "வாயை மூடு" என்று கத்திவிட்டு, பிறகு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு தானும் அழுதிருக்கிறாள். "எனக்குப் பக்தியே போய்விட்டதா? நான் கும்பிடாததால்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என்கிறார்களே, அது உண்மையா?" என்பது கேள்வி.

கண்ணு, நான் பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காமாட்சியைக் கும்பிடுகிறவள். இந்த இரண்டையும் நான் ஒருநாளும் பிரித்து வைத்துக்கொண்டதில்லை. பதிலும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் அந்தக் காய்ச்சல். ஒரு புதன்கிழமை ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தோம், அன்று மாலைதான் உடம்பு சுட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஊசியின் பெயர் பெண்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் சேர்த்துப் போடுவது. அதிலுள்ள கக்குவான் மருந்துதான் பெரும்பாலும் உடம்பைச் சுட வைக்கும். ஒன்றிரண்டு நாளில் தானாகத் தணிந்துவிடும். அதற்காகத்தான் பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். இரண்டாவது தவணை இரண்டரை மாதத்தில், அதாவது உனக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ. அன்றும் சுடலாம். அப்போதும் யாராவது சாமி குற்றம் என்று பேச்சை எடுத்தால், இந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்டு. ஒன்று மட்டும் மறக்காதே: ஊசி போடாத நாளில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், ஊசிக்குப் பிறகு வந்த காய்ச்சல் தணியாமல் குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இத்தனை வருடம் பிள்ளை பெற்ற வீடுகளுக்குள் போய் வந்ததில் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அந்த வீடுகளில் பயம்தான் பக்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு நடமாடும். பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். அதே திருநீறு, அதே கயிறு, அதே வேண்டுதல். உள்ளே இருப்பது வேறு. உன் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்தி போனதற்கான அடையாளம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பயம் வந்து உட்கார்ந்திருப்பது வரிக்கு வரி தெரிகிறது.

உன் வீட்டில் நாற்பது நாள் என்றார்கள். சில வீடுகளில் 11, சில வீடுகளில் 16, சில வீடுகளில் 30. தீட்டு என்ற சொல் எனக்குப் பிடிக்காது. பிள்ளை பெற்றவளின் உடம்பில் அசுத்தம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நாள் கணக்கை முழுதாகத் தூக்கி எறிய எனக்கு மனம் வந்ததில்லை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004க்கு முன்பு அந்தப் பக்கமும் சில வருடம் வேலை பார்த்தேன். முஸ்லிம் வீடுகளில் பிரசவித்த பெண்ணுக்குப் பொதுவாக நாற்பது நாள் வரை தொழுகை கிடையாது. விடுபட்ட நோன்பைத்தான் பிறகு வைக்க வேண்டும். விடுபட்ட தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. கடன் முழுதும் தள்ளுபடி. எலத்தகிரியில் ஒரு கிறிஸ்தவப் பாட்டி, மாதாவே நாற்பது நாள் கழித்துத்தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள் என்பார். டிசம்பர் 25லிருந்து விரல் விட்டு எண்ணி, பிப்ரவரி 2ல் கொண்டு வந்து நிறுத்துவார். அன்று கோவிலில் மெழுகுவர்த்தி ஏந்துவார்களாம். எங்கள் பாடத்திலோ பேறுகாலம் என்பது 42 நாள். கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஏறக்குறைய அத்தனை நாள் பிடிக்கிறது. ஆக, எந்தச் சாமியும் அந்த நாட்களில் உன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. நீதான் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விடுபட்ட வெள்ளிக்கிழமைகளை எழுதிக்கொண்டிருக்கிறாய்.

நாற்பதோடு முடிந்துவிட்டது, இனி என்ன சாக்கு என்கிறாயா? உடம்பு பஞ்சாங்கம் பார்த்து எழுந்திருப்பதில்லை. என் மூத்த மகள் 1989 மார்கழியில் பிறந்தாள். மார்கழிக் குளிர் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி பிறந்தும் எனக்கு எழுந்து நடமாடத் தெம்பு வரவில்லை. கடைசி அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே இருப்பேன். சாமி மாடம் முன்கூடத்தில். ஒருநாள் அந்தி சாய்ந்த நேரம், என் மாமியார் அகல் விளக்கை ஒரு கையில் ஏந்தி, மறு கையைக் குவித்துக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி மெதுவாக நடந்து வந்தார். வெளிச்சம் அவர் விரலிடுக்கில் சிவப்பாகத் தெரிந்தது. நான் பதறிப்போய் எழப் பார்த்தேன். "நீ எழுந்திருக்காதே" என்றார். மூலையில் கிடந்த அரிசிப் படியைக் கவிழ்த்து அதன்மேல் விளக்கை வைத்தார். குழந்தை மார்பை விட்டுவிட்டுச் சுடரைப் பார்த்தது. கடைவாயில் பால் வழிந்தபடி, கண் இமைக்காமல் பார்த்தது. மாமியார் அதிகம் பேசாதவர். "அது சாமியைப் பார்க்கிறது. நீ அதைப் பார். போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோவில் பார்த்துவிட்டேன். கும்பிடுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கவிழ்த்து வைத்த அந்தப் படிதான்.

பால் கொடுப்பதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இறைவனின் பரிவு எவ்வளவு என்று அளக்க மாணிக்கவாசகருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டபோது, பால் நினைந்து ஊட்டும் தாயைத்தான் எடுத்தார். அவளைவிடவும் பரிந்தவன் என்றார். அந்த 'நினைந்து' என்ற சொல்லில் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். பிள்ளை அழுது கேட்பதற்கு முன்பே நினைப்பவள் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். ஒரு செவிலியராக எனக்கு அது இன்னும் நேராகவே கேட்கும். குழந்தையை நினைத்தாலே பால் இறங்கும் அல்லவா? எங்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதாலும் ரவிக்கை நனையும் அல்லவா? ஆக்சிடோசின் என்ற சுரப்பு மூளையிலிருந்து கிளம்பி வந்து பாலை வெளியே தள்ளுகிறது. அது ஊறுவதற்கு நினைப்பே போதும். அதே சுரப்பைப் பயமும் பதற்றமும் தடுத்து நிறுத்திவிடும். பால் வற்றிப்போவதில்லை, இறங்க மறுக்கிறது, அவ்வளவுதான். கும்பிடாமல் போனோமே என்று நெஞ்சு படபடக்க உட்கார்ந்து கொடுக்கும்போது குழந்தை இழுத்து இழுத்து அழுவதை நீ பார்த்திருப்பாய். அதையும் சாமி குற்றத்தில் சேர்த்துவிடாதே.

பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக ஊறும். அதனால்தான் இரவுப் பாலை நிறுத்தாதே என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முன்பு நீ விளக்கேற்றிய அதே விடியற்காலையில் இப்போதும் நீ விழித்துத்தான் இருக்கிறாய். உத்தரத்தில் தூளிக் கயிறு கிறீச்சிட, அரைத் தூக்கத்தில் கை தானாக ஆட்டிக்கொண்டிருக்கிறது. உன் காமாட்சி ஊரெல்லாம் பிள்ளையாக வைத்துப் பார்ப்பவள். அந்த வேளையில் உன்னைப் போல விழித்திருப்பவளை அவளுக்கா அடையாளம் தெரியாது?

பெண் குழந்தை என்றதும் உறவில் ஒருவர் "சாமி கண் திறக்கவில்லை" என்றதாக எழுதியிருக்கிறாய். இதை நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். பெண் பிறந்தால் நெல்லையும் கள்ளிப்பாலையும் தேடிய காலத்தில் இந்த மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லி 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வெறும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரியும், இந்த ஒரு வாக்கியம் எங்கே கொண்டுபோய் விடும் என்று. சொன்னவர் வயதில் பெரியவராக இருந்தாலும், அடுத்த முறை சொல்லும்போது குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, "கண் திறந்துதான் இருக்கிறது அத்தை, பாருங்கள்" என்று சொல். குரலை உயர்த்த வேண்டாம்.

இனிப் பயம் செய்யும் வேலைகள். பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், பிரசவமாகி ஐந்தாம் நாள் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். சன்னல் அடைத்த அறை. உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. நாக்கை வெளியே நீட்டச் சொன்னேன், ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார்கள். பாட்டி வாசற்படியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தச் சாமிக்கும் இந்தப் பட்டினி தேவையில்லை என்று வாதாட வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். தன் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். பயம் அவளுக்குச் சும்மா வரவில்லை. "சீரகமும் ஓமமும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் பாட்டி, இது மருந்து, மணிக்கு ஒரு டம்ளர் உங்கள் கையால் கொடுங்கள்" என்றேன். மருந்து என்றதும் எழுந்து அவளே அடுப்பு மூட்டினாள். மறுவாரம் போனபோது அந்தப் பெண்ணின் உதடு ஆறியிருந்தது. பால் தாராளமாக இறங்கியிருந்தது.

உன் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படித்தான் நடந்துகொள்ளச் சொல்வேன். திருநீற்றை நெற்றியில் தொட்டு வைக்கட்டும், முகத்தில் ஊதவேண்டாம். தொப்புள் ஆறாத குழந்தைக்குத் தொப்புளில் திருநீறோ சாம்பலோ வைக்கவே கூடாது. சீழ் பிடித்துக் குழந்தையைக் கொண்டுபோன வீடுகள் எனக்குத் தெரியும். வசம்பைக் கையில் காப்பாகக் கட்டலாம், உரைத்துப் புகட்டக் கூடாது. சாம்பிராணிப் புகையை உன் கூந்தலுக்குக் காட்டுவதானால் குழந்தை இல்லாத அறையில் காட்டட்டும். தொக்கம், அதாவது உள்ளே சிக்கிக்கொண்டது எதையோ எடுப்பதாகச் சொல்லிக் குழந்தையின் வாயில் ஊதவோ விரல் விடவோ யாரையும் அனுமதிக்காதே. இதில் மட்டும் மரியாதை பார்க்காமல் நேராக மறுத்துவிடு. கோவில் தீர்த்தத்தைத் தலையில் தெளித்தால் போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வெறும் தண்ணீரும் வாயில் வேண்டாம். நம் மாவட்டத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவி ஏறிய பிள்ளைகளையும் எலும்பு வளைந்த பெரியவர்களையும் பார்த்துப் பார்த்துத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013ல். ஆனால் தாய் குடிக்கும் தண்ணீரில் அது இருந்தாலும் பாலில் மிகக் குறைவாகவே இறங்கும் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். நீ கேட்காமலேயே உன் உடம்பு குழந்தைக்காக வடிகட்டித் தருகிறது.

நீ கத்தியதற்கும் அழுததற்கும் வருகிறேன். இதைத்தான் நான் மிகவும் கவனமாகப் படித்தேன். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் ஓய்ந்துவிடும். உனக்கு 70 நாள் ஆகிறது. இப்போதும் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடக்கிறதா? குழந்தை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வருவதில்லையா? சோறு இறங்குவதில்லையா? விளக்கின் முன் மட்டுமா மனம் ஒட்டவில்லை, அல்லது அம்மா வீட்டுப் பேச்சு, உனக்குப் பிடித்த பாட்டு, கணவர் வரும் சனிக்கிழமை எதிலுமே ஒட்டவில்லையா? எதிலுமே இல்லை என்றால், அது பக்தி போனதும் இல்லை, தாய்மை கெட்டதும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்ற நோய். இரத்தச்சோகையைப் போல, தைராய்டு கோளாறைப் போல அதற்கும் சிகிச்சை உண்டு. இந்த இரண்டும் கூடவே இருந்து சோர்வைக் கூட்டலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டுவிட்டிருந்தால் நாளைக்கே தொடங்கு. மனச்சோர்வுக்குப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். உன் ஊர்ச் செவிலியரிடமும் சொல். நாங்கள் இதை ஊருக்குள் பேசுவதில்லை.

உனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால், இல்லாத குரல் காதில் கேட்டால், நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் இருந்த ஒரு பெண்ணைப் பேய் பிடித்துவிட்டது என்று முனியப்பனிடம் கூட்டிப் போய்க் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை, முனியப்பன்மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. மருத்துவரிடம் போக அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஆக்கினார்களே, அதில்தான் வருத்தம். அவள் குணமாகி, இப்போது அந்தக் குழந்தை கல்லூரியில் படிக்கிறாள். மணிக்கட்டில் அந்தப் பழைய கயிற்றின் இடத்தில் வருடா வருடம் புதுக் கயிறு கட்டிக்கொள்கிறாள் தாய். இரண்டும்தான் காப்பாற்றின என்பாள். நான் மறுத்துப் பேசியதில்லை.

கும்பிடுவதற்கு வழி கேட்டிருக்கிறாய். முழுக் கவசமும் வேண்டாம். உனக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள். ஒவ்வொரு முறை குழந்தையை மார்பில் பொருத்தும்போதும் அதை ஒருமுறை மட்டும் சொல். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பால் கொடுப்பாய். நீ முன்பு சொன்னதைவிட அதிகம் தடவை சாமி பெயர் உன் வாயில் வரும். நடுவில் தூங்கிவிட்டால் தூங்கு. விளக்கை உன் மாமனார் ஏற்றட்டும், சனி ஞாயிறு உன் கணவர் ஏற்றட்டும். அந்த நேரத்தில் உன் அறைக் கதவு திறந்திருந்தால் போதும். தேருக்கு அடுத்த வருடம் போவாய். தோளில் குழந்தையோடு வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் நுழைந்துவிடாதே, அக்கா தங்கை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பிடி.

கடைசியாக அந்த வேண்டுதல். மூன்று மாதத்துக்குள் தீர்த்தமலைக்குக் கூட்டி வருவதாக உன் மாமியார் வேண்டிக்கொண்டார், இப்போது போகாவிட்டால் தப்பாகிவிடும் என்று நச்சரிக்கிறார் என்கிறாய். தையல் போட்ட உடம்போடு, கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மலைப்படி ஏறாதே. இதற்குப் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, வருகிறோம், பொறுத்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட வேண்டும். உன் மாமியாருக்கும் இந்த வழக்கம் தெரிந்திருக்கும். அவர் கையாலேயே முடியச் சொல்.

என் மாமியார் முடிந்தது அரிசிப் பானைக்குள் கிடந்தது. அளக்கப் போகும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். என் மகளுக்கு நாலு வயது முடிந்த பிறகுதான் எங்களால் போக முடிந்தது. அவள் என் கையை உதறிவிட்டுத் தானே படியேறினாள். மேலே ராமர் தீர்த்தம் விழும் இடத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள், பாவாடை முழுவதும் நனையும் வரை. மாமியார் முடிச்சை அவிழ்த்துக் காசை அவள் கையில்தான் கொடுத்தார். உண்டியல் அவளுக்கு எட்டவில்லை. நான்தான் தூக்கிப் பிடித்தேன்.